ஒரு சுண்டு தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் பிள்ளையை ஒரு சுண்டு தவிட்டுக்கு விற்றேன். திருப்பி வாங்க மறந்துபோனேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் இருந்தபோது இதைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. "மிச்சத்தை எழுதித் தாங்கோ, திருவிழா மலரிலை போடுவம்" என்றார் பரிபாலன சபைத் தலைவர். எழுத்தில் ஒரு வசதி உண்டு. தொண்டை அடைத்தாலும் பேனா ஓடும். ஒரு வசதிக்கேடும் உண்டு. பேச்சில் விழுங்கிவிடக்கூடியதை எழுத்தில் விழுங்க முடியாது. ஆகவே முழுவதையும் எழுதுகிறேன். வாசிக்கப்போகும் அடியார்களில் பலருக்கு என்னையும் தெரியும், என் மச்சானையும் தெரியும். அவனைத்தான் உங்களுக்கு என்னைவிடக் கூடப் பிடிக்கும் என்பது எனக்கும் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் விசுவமடுவில் மா மில் வைத்திருப்பவன். மீள்குடியேறி வந்தபோது ஒரு தகரக் கொட்டிலும் ஒரு அரைக்கும் மெசினும்தான். இன்றைக்கு எங்கள் சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் கொழும்பில் பெரிய கடைகளின் தட்டுகளில் இருக்கின்றன. பிந்திக் கலியாணம் செய்து, தலை நரைத்த பிறகு பெற்ற ஒரே பிள்ளை சாருகா. கம்பனிக்கும் அவளுடைய பெயரையே வைத்தேன். என் மனைவி வதனி அப்போதே கேட்டாள்: "பிள்ளைக்குப் பேர் வச்சனீங்களோ, மாவுக்குப் பேர் வச்சனீங்களோ?" நான் அதை நகைச்சுவை என்று நினைத்தேன்.

சாருகாவுக்கு மூன்று வயதாக இருந்தபோது முட்டு வருத்தம் வந்தது. மழைக்காலத்தில் நெஞ்சு விசிலடிக்கும். டொக்டர் தந்த மருந்தெல்லாம் கொடுத்தோம். கூடவே சாதகமும் பார்த்தோம். பிள்ளையின் சாதகம் தகப்பனோடு ஒத்துவராது, விற்று வாங்குங்கோ என்றார்கள். இது நம் பகுதியில் புதினமில்லை. கோயிலில் வைத்துத் தாய்மாமனுக்குப் பிள்ளையை ஒரு சுண்டு, அதாவது ஒரு சின்னப் பேணி அளவு, தவிட்டுக்கு விற்பது. மாமன் தன் பிள்ளையாக மூன்று தரம் கோயிலைச் சுற்றிக்கொண்டு வருவது. தகப்பன் இரண்டு சுண்டு தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கி, தானும் பிள்ளையைச் சுமந்து மூன்று சுற்றுச் சுற்றுவது. தோஷம் பழைய தகப்பனோடு போய்விடும். வீட்டுக்கு வருவது புதுப் பிள்ளை, புதுத் தகப்பன். நிறையப் புத்தகம் வாசித்தவன் நான். உலகத்தின் எந்த மூலையிலும் இவ்வளவு மலிவான மறுபிறப்பைப் பற்றி வாசித்ததில்லை.

மாமன் என்றால் வதனியின் தம்பி குகன். வயரிங் வேலை தெரிந்தவன். வேலை வந்தால் செய்வான், வராவிட்டால் எங்கள் முன்னறையில் கிடப்பான். அன்றைக்கு ஐயர் மந்திரம் சொல்லி முடிக்க, நான் பிள்ளையை அவன் கையில் கொடுத்தேன். அவன் ஒரு சுண்டு தவிட்டை என் சால்வையில் கொட்டினான். அந்தத் தவிடும் என் மில்லில் அள்ளியதுதான். என்னுடைய தவிட்டைக் கொண்டே என்னுடைய பிள்ளையை வாங்கினான்.

அவன் இரண்டாம் சுற்றில் இருக்கும்போது என் வேட்டி மடிப்பில் போன் அடித்தது. கொழும்புக் கடையொன்றின் கொள்வனவு அதிகாரி. நான் மாதக்கணக்காகத் துரத்திய மனிதர். கிளிநொச்சியில் நிற்கிறாராம். வேறு அலுவலாக வந்தவராம். இப்போதே சாம்பிளோடு வந்தால் பார்க்கலாமாம்.

"இப்ப வாறன் ஐயா, ஒரு அரை மணித்தியாலம்" என்று ஐயருக்குச் சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. வீட்டு வாசலில் வதனி நின்றாள்.

"பிள்ளையை வித்துப்போட்டு மாச் சாம்பிள் காட்டப் போன ஒரு தகப்பன் இந்த உலகத்திலை நீங்கள் ஒராள்தான்."

"ஓடர் கிடைச்சிட்டுது வதனி!"

"அப்ப சரி. பிள்ளையை இனி ஆறுதலா வாங்குங்கோ."

அடுத்த வெள்ளி கொழும்பில் நின்றேன். அதற்கடுத்தது ஐயருக்கு வேறு கோயிலில் திருவிழா. பிறகு மாத்தறையில் கண்காட்சி, குருநாகலில் பொதி செய்யும் மெசின், அந்த மெசினுக்கு உதிரிப்பாகம் தேடிச் சென்னை. இதற்கிடையில் பிள்ளைக்கு முட்டு நின்றுவிட்டது. பிள்ளையார் தன் பங்கை உடனே செய்துவிட்டார். வருத்தம் இல்லை என்றால் யார் அவசரப்படுவார்கள்? வருடங்கள் போயின. கோயில் கணக்கில் சாருகா குகனின் பிள்ளையாகவே இருந்தாள்.

கோயில் கணக்கில் மட்டும் என்றால் பரவாயில்லை.

அடியார்களே, பொறாமை என்பது பெரிய பெரிய மனிதர்களைப் பார்த்து வருவது என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது சாரத்தோடு முன்னறையில் கிடப்பவனைப் பார்த்து. அவனுக்கு மில் இல்லை, லொறி இல்லை, தலை வாரும் பழக்கமும் இல்லை. அவனிடம் என் பிள்ளை இருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பது யார், அவளோடு கோபமாக இருப்பது யார், எந்தப் பல் ஆடுகிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். நான் வீட்டில் நிற்கிற இரவுகளில் நல்ல நல்ல கதைகளைப் புத்தகத்திலிருந்து வாசிப்பேன். முதல் பக்கம் முடிய முதலே பிள்ளை நித்திரை. அவனோ யானை ஒன்று குசினிக்கு வந்து உப்பு இருக்குதோ என்று கேட்ட கதையைப் புளுகுவான். பிள்ளை கண் வெட்டாமல் இருப்பாள். கொழும்பிலிருந்து போன் எடுத்தால் அந்த யானை என் அழைப்புக்குக் குறுக்கே வந்து நிற்கும்.

"அப்பா, யானை இப்பதான் வந்து நிக்குது. பேந்து எடுங்கோ."

ஒரு யானையைப் பார்த்தும் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதுவும் இல்லாத யானை.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி வந்தது. தந்தையர் ஓட்டம் என்று ஒன்று வைத்தார்கள். நான் மாத்தளையில். எனக்குப் பதிலாகக் குகன் ஓடி முதலாவதாக வந்தான். பரிசு ஒரு நீல நிற பிளாஸ்டிக் பேசின். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்தப் பேசின்தான். ஒவ்வொரு நாள் காலையும் முதலாவது வந்த தந்தையின் பேசினில்தான் நான் முகம் கழுவினேன். "வேறை பேசின் வாங்குவம்" என்று ஒருநாள் சொன்னேன். வதனி ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், இதிலை ஓட்டையோ?" ஓட்டை பேசினில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாப் பைக்கற்றில் சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளை சாருகாதான். கொழும்பில் ஒவ்வொரு கடையிலும் தட்டு நிறைய அவள் முகம். வீட்டில் பார்த்ததைவிட அங்கேதான் அவளைக் கூடப் பார்த்திருப்பேன். ஒருநாள் ஒரு கடையில் நின்று உற்றுப் பார்த்தபோதுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் படத்தை எடுத்தவன் குகன். அவள் சிரிப்பது கமராவுக்குப் பின்னால் நிற்கிற அவனைப் பார்த்து. பைக்கற் பைக்கற்றாக நான் நாடு முழுவதும் விற்றுக்கொண்டு திரிந்தது, என் மகள் மச்சானைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை.

அன்றைக்குத்தான் பிள்ளையாரிடம் போனேன். நம் கோயில் பிள்ளையாரிடந்தான். ஒரு சாக்குத் தேங்காய் நேர்த்தி வைத்து ஒரே ஒரு வரம் கேட்டேன். குகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்க வேண்டும். எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

இதைக் கேள்விப்பட்ட வதனி அழுதுவிட்டாள். "என்ரை தம்பிக்காண்டி இவ்வளவு நேர்ந்திருக்கிறியள். நான்தான் உங்களை விளங்கிக்கொள்ளேல்லை." சபைத் தலைவர் கூட, மச்சானின் எதிர்காலத்துக்காகத் தேங்காய் உடைக்கும் மனம் யாருக்கு வரும் என்று மண்டபத்தில் வைத்துச் சொன்னார். நான் அடக்கமாகத் தலைகுனிந்தேன். அந்தத் தலைகுனிவை மட்டும் பிள்ளையார் சரியாக விளங்கிக்கொண்டிருப்பார்.

வரம் கிடைத்தது. டோகாவில் வயரிங் வேலை, விசா எல்லாம் சரி. ஒரு சாக்குத் தேங்காயையும் மகிழ்ச்சியோடு உடைத்தேன். என் கஷ்டம் அந்தத் தேங்காய்ச் சிதறலிலிருந்துதான் தொடங்கியது.

குகன் போகப்போகிறான் என்று தெரிந்த நாளிலிருந்து சாருகா பேச்சைக் குறைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது முடிந்திருந்தது. ஒரு கலியாண வீட்டில் யாரோ சொந்தக்காரி, "நீ மாமா தவிட்டுக்கு வாங்கின பிள்ளையெல்லோ" என்று பகிடி விட்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிள்ளை சிரிக்கவில்லை. பிறகொருநாள் நான் போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது வந்து என் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நான் மாமான்ரையோ?"

"ஓம், ஓம்" என்றேன். போனில் மாத்தறைக்காரன் விலை கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீங்கள் என்னைத் திருப்பி வாங்கேல்லையோ?"

"பேந்து, பேந்து."

பிறகு, பிறகு என்று தட்டிக்கழித்த அந்த இரண்டு சொற்களையும் இப்போதும் நித்திரையில் கேட்கிறேன்.

குகன் புதன்கிழமை பஸ்ஸில் கொழும்புக்குப் போனான். ஏஜென்சி அலுவல்கள் முடித்து ஞாயிறு விமானம். மறுநாள் வியாழன் எங்கள் லொறி கொழும்புக்குப் புறப்பட்டது. வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவரை அன்றிரவு அங்கே சந்திக்க வேண்டும். முதன்முதல் ஏற்றுமதி. கம்பனி முதலாளி என்றாலும் நான் லொறியின் முன் சீற்றில்தான் போகிறவன். ஓட்டுபவர் ராசையா. பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். பின்பக்கம் பெட்டி போல முழுதாக மூடிய லொறி, உள்ளே மாப் பொதிகள். மத்தியான வெயில்.

"ராசையா, இண்டைக்குப் பிள்ளையாரடியிலை நிப்பாட்ட வேண்டாம். நேரமில்லை."

ஏ-ஒன்பது வீதியில், கிளிநொச்சி தாண்டி, எந்த வாகனமும் நிற்காமல் போகாத அந்தப் பிள்ளையாரைச் சொன்னேன். பெயர் சொல்லத் தேவையில்லை. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் எல்லோரும் போவார்கள்.

"நிப்பாட்டாம போறதா? முதலாளி, அந்த இடத்துல என் கால் தன்னால பிரேக்குக்குப் போயிருமே."

"காலுக்குச் சொல்லு, நான் சொன்னனான் எண்டு."

பரந்தன் சந்தி வரை, சந்தியிலிருந்து கிளிநொச்சி வரை நான் போனில்தான். நான் கொழும்போடு கதைப்பதற்குப் போன் தேவையில்லை, என் குரல் அங்கே அப்படியே கேட்கும் என்று ராசையா சொல்வார். கிளிநொச்சி தாண்டியபோது வதனியின் அழைப்பு வந்தது. இரண்டு தரம் வெட்டினேன். மூன்றாம் தரம் எடுத்தேன்.

"சாரு உங்களோடையோ வந்தவள்?"

"என்ன விசர்க்கதை? அவள் வீட்டிலையெல்லோ."

"வீட்டிலை இல்லை. முன்னறையிலை இல்லை. மில்லிலை இல்லை. பள்ளிக்கூடத்தாலை வந்து சாப்பிட்டவள், பேந்து காணேல்லை. குளக்கட்டுப் பக்கம் ஆக்கள் போயிருக்கினம்." அவளுடைய குரல் உடைந்தது. "குளம் முட்ட நிக்குது அப்பா. விடியப்புறம் வாழைக்குள்ளை யானையும் நிண்டதாம்."

மற்ற நேரமெல்லாம் அவள் என்னை நீங்கள் என்பாள். பயத்தில், எங்கள் அயலில் பெண்கள் சொல்வதுபோல, பிள்ளையோடு சேர்ந்து தானும் என்னை அப்பா என்பாள். அந்த அப்பாவைக் கேட்டதும் போனை வெட்டினேன்.

"திருப்பு ராசையா. லொறியைத் திருப்பு."

"எங்க முதலாளி திருப்புறது? ரெண்டு பக்கமும் காடு. பின்னால பஸ்ஸுக வருது. பிள்ளையாரடியிலதான் இடமிருக்கு."

அந்தக் கொஞ்சத் தூரமும் நான் பிள்ளையாரோடு கதைத்தேன். வழக்கமாக நான் கும்பிட்டால் அதில் ஒரு பேரம் இருக்கும். இவ்வளவு தேங்காய், அதற்கு இவ்வளவு பலன். அன்றைக்கு நேர்த்தி வைக்கவும் தெரியவில்லை. என்னிடம் இருக்கிற எதை வைத்தாலும் அது தவிடு என்று பட்டது. பிள்ளையைக் காட்டு அப்பனே என்று மட்டும் சொன்னேன். அவள் குகனின் பிள்ளையாக இருந்தாலும் பரவாயில்லை, இருந்தால் போதும் என்றேன். அந்த "இருந்தாலும் பரவாயில்லை" என்பதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்பதையும் அவரிடமே சொன்னேன்.

பிள்ளையாரடி வந்தது. ராசையா லொறியை அகட்டி வெட்டித் திருப்பினார். திருப்பியவர் அப்படியே ஓடவேண்டியதுதானே? பக்கவாட்டில் நிறுத்தி, எஞ்சினையும் நிற்பாட்டிவிட்டார்.

"என்ன செய்யிறாய்?"

"ஒரு கற்பூரம் முதலாளி. ஒரு நிமிசம்."

"கற்பூரமோ! பிள்ளையைக் காணேல்லை எண்டு அங்கை..."

"அதுக்குத்தான் முதலாளி." அவர் இறங்கிவிட்டார்.

நான் கத்த வாயைத் திறந்தேன். எஞ்சின் நின்ற பிறகு வருகிற அமைதி உங்களுக்குத் தெரியும். புறப்பட்டதிலிருந்து காதுக்குள் இருந்த இரைச்சல் போய், காது வெறுமையாகும். அந்த வெறுமைக்குள் ஒரு சத்தம். என் முதுகுக்குப் பின்னால். டொக். கொஞ்சம் பொறுத்து, இன்னுமொரு டொக். பலமில்லாத கை.

எப்படிப் பின்கதவைத் திறந்தேன் என்று தெரியாது. பொதிகளுக்கு மேலே, முன்பக்கத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு சாருகா கிடந்தாள். ஒரு மாப் பொதி வெடித்திருந்தது. தலையிலிருந்து கால் வரை மா. வியர்வையும் மாவும் சேர்ந்து, புட்டுக்குக் குழைத்தது போல முகத்தில் அப்பியிருந்தது. பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்திருந்தாள். தூக்கினால் நெருப்பாகக் கொதிக்கிறது. கண் சொருகுகிறது.

கச்சான் விற்கிற அம்மா ஒராள் ஓடிவந்து என் கையிலிருந்து பிள்ளையைப் பறித்து நிழலில் கிடத்தினா. "தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடு தம்பி, குடுக்கிறன் எண்டு ஊத்தாதை. விசிறு, விசிறு!" தன் கச்சான் சுளகாலேயே விசிறினா. ராசையா கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கொளுத்த மறந்துபோனார்.

சாருகா கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள். முதல் சொல் சொன்னாள்.

"மாமா எங்கை?"

அடியார்களே, பொய் சொல்லக் கூடாது. அந்த நிலையிலும், அந்த ஒரு கணம், எனக்குப் பொறாமைதான் வந்தது. கண்ணீரும் அதோடு சேர்ந்துதான் வந்தது. எது எதற்காக வந்தது என்று பிரிக்க முடியவில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். எப்படி நடந்தது என்று கேட்ட டொக்டருக்குச் சொன்னேன். அவர் யன்னலால் வெயிலில் நின்ற லொறியை ஒரு தரம் பார்த்தார், பிள்ளையை ஒரு தரம் பார்த்தார், போய்விட்டார். பின்னேரம் பிள்ளை எழும்பி இருந்தாள். வதனி பக்கத்தில் இருந்து தலையிலிருந்த மாவை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா லொறியிலை ஏறினனீ?" என்று கேட்டேன்.

"நான் மாமான்ரை எல்லோ. மாமா என்னை விட்டிட்டுப் போட்டார். நீங்கள்தானே சொல்லுறனீங்கள், வித்த சாமான் எங்கடை ஸ்டோரிலை கிடக்கக் கூடாது, வாங்கினவன்ரை கைக்குப் போகோணும் எண்டு."

சொல்வது உண்மைதான். ஸ்டோரில் வேலை செய்கிறவர்களைப் பார்த்து நான் நாள்தோறும் கத்துகிற வசனம் அது. தந்தையின் தொழில் நெறியை ஒரு சொல்லும் பிசகாமல் கேட்டு நடந்த பிள்ளை. தன்னைத்தானே ஏற்றி, தன்னைத்தானே அனுப்பியிருக்கிறாள்.

"வெக்கையா இருந்திருக்குமே. தட்டியிருக்கலாமே அம்மா."

"தட்டினனான். உங்கடை குரல் கேட்டது. நீங்கள் போனிலை கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள்."

வதனி துடைப்பதை நிறுத்தினாள். எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. விழுந்திருக்கலாம்.

வெளியே வந்து குகனுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொல்ல, அவன் ஓவென்று அழுதான். என்னைவிட நன்றாக அழுதான். அதையும் கவனித்தேன்.

"நான் போகேல்லை அத்தான். விசாவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

எவ்வளவோ நாளாக நான் எதிர்த்த மனிதன் ஒரு வசனத்தில் என்னைத் தோற்கடித்தான். நான் ஒரு ஓடருக்காகப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடினவன். அவன் பிள்ளைக்காக வேலையை விடுகிறான். ஆனால் அவன் முப்பத்தைந்து வயதுப் பொடியன். வாழ்க்கையில் முதன்முதலாகக் கிடைத்த நல்ல வேலை.

"தம்பி, நீ போகத்தான் வேணும். ஆனால் போக முதல் ஒருக்கா வா. வித்துப்போட்டுப் போ."

"என்னத்தை அத்தான்?"

"என்ரை பிள்ளையை எனக்கு வித்துப்போட்டுப் போ."

வெள்ளி காலையில் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அன்று பின்னேரப் பூசைக்கே போனோம். குகன் பஸ்ஸால் இறங்கி நேரே கோயிலுக்கு வந்தான். அவனைக் கண்டதும் சாருகா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். ஐயர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அரை மணித்தியாலத்திலை வாறன் எண்டு போனீர். வாரும். தவிடு கொண்டுவந்தீரோ?"

இரண்டு சுண்டுதான் வழக்கம். நான் மில்லில் இருந்து ஒரு மூட்டை இறக்கியிருந்தேன்.

"ஐயோ, மாட்டுப் பட்டியையோ வாங்கப் போறியள்?" என்றாள் வதனி.

குகன் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. பகிடி விட்டுத்தான் நின்று பிடித்தான். "காணாது அத்தான். இவ்வளவு நாளும் யானைக்கதை சொன்ன கூலி இருக்கு."

"அந்தப் புளுகுக்கும் கூலியோ?"

"புளுகெண்டு ஆர் சொன்னது? பிள்ளை, நீ சொல்லு."

சாருகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இது பகிடியில்லை. "மாமா வித்தால், பேந்து மாமா எனக்கு மாமா இல்லையோ?" என்றாள்.

ஐயர் மணியைக் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். என் உள்ளே கிடந்த பொறாமை, இதுதான் சந்தர்ப்பம் என்று எழும்பி நின்றது. அதை இருக்கச் சொன்னேன்.

"மாமா எப்பவும் மாமாதான் அம்மா. மாமாவை ஆரும் விக்கேலாது. உன்னைத்தான் அப்பா வாங்கிறன். இந்த முறை விடமாட்டன்."

அவள் யோசித்தாள். பிறகு குகனின் இடுப்பை விட்டாள். என்னிடம் வந்து, தூக்கச் சொல்லிக் கையை உயர்த்தினாள்.

மூன்று வயதில் சுற்றியிருந்தால் பஞ்சு போல இருந்திருப்பாள். ஏழு வயதுப் பிள்ளையை, ஒரு முழங்கால் பழுதான மனிதன், தோளில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றுவது வேறு வேலை. தாமதித்தவனுக்குப் பாரம் கூடுகிறது. முதலாம் சுற்றில் மூச்சு வாங்கியது. இரண்டாம் சுற்றில் முழங்கால் பேசத் தொடங்கியது. அதே இரண்டாம் சுற்றில், அதே வேட்டி மடிப்பில், போன் அடித்தது.

சாருகா தோளில் இருந்தபடி குனிந்து அதை இழுத்து எடுத்தாள். கொழும்பு. வியாழன் நான் சந்திக்காமல் விட்ட கொள்வனவாளர். நான் கையை நீட்டவில்லை. இரண்டு கையும் அவள் காலைப் பிடித்திருந்தன.

"ஹலோ" என்றாள் அவள், கோயில் முழுக்கக் கேட்க. அந்தப் பெரிய குரல் மட்டும் என்னுடையது. "அப்பா சாமானோடை நிக்கிறார். பேந்து எடுங்கோ."

வெட்டிவிட்டு, போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். நான் மூன்றாம் சுற்றை முடித்தேன். ராசையா அன்றைக்குக் கொளுத்தாமல் விட்ட கற்பூரத்தை எங்கள் பிள்ளையாருக்குக் கொளுத்தினார்.

ஞாயிறு விமானத்துக்கு நானே குகனைக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன். சாருகாவும் வந்தாள். முன் சீற்றில், நடுவில்.

அந்தக் கொள்வனவாளர் பிறகு எடுக்கவேயில்லை. அந்த ஓடர் வேறு மாவுக்காரருக்குப் போயிற்று. அவரைப் பார்த்து எனக்குப் பொறாமைதான். ஆனால் அது சின்னப் பொறாமை, கையில் பிடிக்கக்கூடியது. கொழும்பில் ஒரு பொடியனை விற்பனைக்கு வைத்திருக்கிறேன். அவசியம் என்றால்தான் போகிறேன். பள்ளிக்கூட விடுமுறை என்றால் அவளும் வருகிறாள். வீட்டில் நிற்கிறபோது போன் குசினிக்குள், அரிசிப் பானைக்குப் பக்கத்தில். கம்பனி முன்னையைவிட மெதுவாக வளர்கிறது. பிள்ளை வேகமாக வளர்கிறாள். இரண்டையும் ஒரே நேரத்தில் நின்று பார்க்க எனக்கு ஒரு சோடிக் கண்தான் இருக்கிறது.

குகன் மீதான பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் டோகாவிலிருந்து யானை வருகிறது. நான் பக்கத்தில் இருந்து காத்திருக்கிறேன். கதை முடிய, அதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்வாள். அந்தப் பங்கு எனக்குத்தான், குகனுக்குக் கிடைக்காது. இந்த வருட விளையாட்டுப் போட்டியில் தந்தையர் ஓட்டம் ஓடினேன். கடைசி. கடைசியாக வந்தவரும் மனம் நோகக் கூடாது என்று ஒரு சவர்க்காரப் பெட்டி தந்தார்கள். சாருகா அதைக் கொண்டுவந்து நீலப் பேசினுக்குள் வைத்தாள். இரண்டும் இப்போது கிணற்றடியில் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

நான் பிள்ளையாரிடம் இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் தந்தார். முதல் தரம் ஒரு சாக்குத் தேங்காய்க்கு, என் பொறாமை கேட்டதைத் தந்தார். இரண்டாம் தரம் ஒன்றும் வாங்காமல், எனக்கு வேண்டியதைத் தந்தார். அவர் முன்னால் வெறுங்கையோடு நிற்க உங்களில் யாருக்காவது வெட்கமாக இருந்தால், வெட்கப்படாமல் வாருங்கள். கையில் ஒன்றுமில்லாமல் நின்ற அன்றைக்குத்தான் எனக்கு நிரம்பியது.

பிள்ளையை விற்க நேர்ந்தால் அன்றைக்கே திருப்பி வாங்குங்கள். வீதியில் போகிறபோது, எவ்வளவு அவசரம் என்றாலும் பிள்ளையாரடியில் நில்லுங்கள். நின்றால் எஞ்சினையும் நிற்பாட்டுங்கள். பின்னால் யாராவது தட்டிக்கொண்டிருக்கக் கூடும். ஒருவரும் இல்லையென்றால் நட்டமில்லை. கச்சான் சூடாக இருக்கும், வாங்கிக்கொண்டு போங்கள்.